பிரபஞ்சத்துக்கு வரலாறு எழுதுவது எப்படி?

(கொழும்பு, வெள்ளவத்தையில் பல்கலைக்கழகப் புகுமுக மாணவருக்கும் பொதுமக்களுக்குமாக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரபஞ்சத்தின் வரலாறு என்று தலைப்புத் தந்து, பேசுவதற்கு ஒரு மணித்தியாலமும் தந்திருக்கிறார்கள். பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு என்பது இன்றைய கணிப்பு. அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்கு 23 கோடி ஆண்டு வருகிறது. அந்த வேகத்தில் சொல்லிக்கொண்டு போனால், மனித இனம் முழுவதற்கும் கடைசிச் செக்கனில் பத்திலொரு பங்குகூடக் கிடைக்காது. ஆகவே தொடக்கம் முதல் இன்றுவரை கதை சொல்லும் எண்ணத்தை நான் கைவிட்டுவிட்டேன். அந்தக் கதை எத்தனையோ நூல்களில் இருக்கிறது. அதை எப்படி அறிந்தோம், யார் அளந்தார்கள், எந்தச் சான்று வந்தபோது எந்தக் கருத்து விழுந்தது என்பவற்றையே பேச வந்திருக்கிறேன். அண்டவியலின் முதற் பாடத்தைப் படிக்கப் போகிறவர் கையில் கொண்டுபோக வேண்டிய கேள்விகள் இவைதாம்.

நல்லூரிலிருந்து ஆண்ட யாழ்ப்பாண அரசர்களைப் பற்றி ஒருவர் எழுதினால், கல்வெட்டு எங்கே, சேது நாணயம் எங்கே என்று கேட்கிறோம். பிரபஞ்சத்தைப் பற்றி எழுதுகிறவரிடமும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும்.

நம்பிக்கையும் அளவையும்

கொட்டாஞ்சேனைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில் அங்கே இருக்கிறது. புனித லூசியாள் பேராலயமும் அங்கேதான் இருக்கிறது. இரண்டுக்கும் போகிற மக்கள் ஒரே தெருக்களில் வாழ்கிறார்கள். படைப்பைப் பற்றி இரண்டு மரபுகளுக்கும் சொல்ல நிறைய உண்டு. அவற்றை நான் மறுக்க வரவில்லை, மெய்ப்பிக்கவும் வரவில்லை.

ஆனால் நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சைத் தொடாமல் போக முடியாது. ஒரு மகாயுகம் 43,20,000 ஆண்டு. ஆயிரம் மகாயுகம் சேர்ந்தால் ஒரு கற்பம், அதாவது 432 கோடி ஆண்டு. விஞ்ஞானிகள் பூமிக்குச் சொல்லும் வயதோ ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. இரண்டும் கிட்டக்கிட்ட வருகின்றன. ஆகவே நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். முன்னோரின் கற்பனை பெரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. உலகின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடக்கிய மரபுகள் பலவாக இருக்க, கோடிகளில் எண்ணத் துணிந்தது சிறிய காரியமல்ல. என்றாலும் 432 கோடி என்ற எண் யுகக் கணக்கைப் பெருக்கியதால் வந்தது. 454 கோடி என்ற எண் விண்கற்களில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவை ஆய்வுகூடத்தில் அளந்ததால் வந்தது. முன்னதைத் திருத்த வழியில்லை. பின்னதை நாளைக்கே இன்னொருவர் அளந்து திருத்தலாம். விஞ்ஞானத்தின் பலம் அந்தத் திருத்தத்தில் இருக்கிறது.

இதே எச்சரிக்கையைக் கத்தோலிக்கக் குரு ஒருவரும் சொன்னார். பெல்ஜியத்தின் லுவேன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜோர்ஜ் லெமைத்தர் என்பவர், பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து எடுத்துக் காட்டினார். விரிவைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஓரிடத்தில் நெருங்கியிருந்த ஒரு தொடக்கம் வரும் என்றும் பின்னர் எழுதினார். 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இந்தக் கருத்தைப் படைப்புக்கு ஆதரவாக எடுத்துப் பேசியபோது, லெமைத்தருக்கு அது உவப்பாக இருக்கவில்லை. திருப்பலி வேறு, சமன்பாடு வேறு என்று அவர் பிரித்தே வைத்திருந்தார். அண்டவியல் படிக்கும் இந்துப் பிள்ளைக்கும் கிறித்தவப் பிள்ளைக்கும் அவரைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

நம் வானத்தில் இரண்டு ஒளித்திட்டுகள்

இனி அளவைக்கு வருவோம். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் இருக்கிறது. இதனால் நமக்கு ஒரு வசதி உண்டு. வடதுருவ வானம், தென்துருவ வானம் இரண்டிலும் பெரும்பகுதியை நாம் பார்க்கலாம். ஐரோப்பியருக்கும் அவுஸ்திரேலியருக்கும் இது வாய்ப்பதில்லை.

கார்த்திகை மாதத்தில், மழைமுகில் விலகிய ஓர் இரவில், எட்டு ஒன்பது மணியளவில் நகர வெளிச்சம் இல்லாத தென்கரைக் கிராமம் ஒன்றில் நின்று பாருங்கள். வடக்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவைவிடச் சற்று மேலே, மங்கலான ஒரு நீள்திட்டுத் தெரியும். அது அந்திரொமேடா. அதே நேரத்தில் தெற்கே அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில், கடலுக்கு மேலே, இன்னொரு மங்கல் திட்டு. அது சிறிய மகெல்லன் முகில். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேளையில் நம் வடக்குத் தெற்குக் கோட்டைக் கடக்கின்றன. காலி வீதியின் வெளிச்சத்தில் நிற்கும் நமக்கு இரண்டும் தெரியாது என்பது நம் நகரத்தின் குறை.

நவீன அண்டவியல் இந்த இரண்டு திட்டுகளிலிருந்துதான் எழுந்தது. அமெரிக்காவின் ஹாவர்ட் வானாய்வகத்தில் ஒளிப்படத் தகடுகளைக் கணக்கெடுக்கும் வேலை பார்த்தவர் ஹென்றியேட்டா லீவிற். பெண்கள் தொலைகாட்டியைக் கையாள இடம்கொடாத காலம் அது. பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் எடுத்து அனுப்பப்பட்ட தகடுகளில், சிறிய மகெல்லன் முகிலில் உள்ள ஒருவகை விண்மீன்கள் ஒழுங்காக மினுங்கி மங்குவதை அவர் கண்டார். கூடிய ஒளியுடையவை மெதுவாக மினுங்கின. 1912இல் 25 விண்மீன்களை வைத்து அந்த விதியை அவர் வெளியிட்டார். அதன் பயன் பெரிது. ஒரு விண்மீன் மினுங்கும் காலத்தை அளந்தால் அதன் உண்மையான ஒளி தெரியும். உண்மையான ஒளியையும் நமக்குத் தெரியும் ஒளியையும் ஒப்பிட்டால் தூரம் தெரியும்.

எட்வின் ஹபிள் 1923இல் கலிபோர்னியாவின் வில்சன் மலைத் தொலைகாட்டியால் அந்திரொமேடாவைப் படமெடுத்து, அதற்குள் அதே வகை விண்மீன் ஒன்றைக் கண்டார். லீவிற்றின் விதியைப் போட்டுப் பார்த்தார். ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ஒளியாண்டு என்று வந்தது. இன்றைய கணிப்பில் அது 25 இலட்சம் ஒளியாண்டு. எப்படிப் பார்த்தாலும் நம் பால்வீதிக்கு வெளியே வெகு தொலைவு. பால்வீதியே பிரபஞ்சம் முழுவதும் என்று எண்ணியிருந்தவர்களின் வாதம் அத்தோடு முடிந்தது. அந்திரொமேடாவும் பால்வீதியைப் போன்ற இன்னொரு விண்மீன் மண்டலம் என்று நிறுவப்பட்டது.

ஓர் உயர்தர மாணவர் செய்யக்கூடிய கணக்கு

விண்மீன் மண்டலத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், ஐதரசனுக்குரிய கோடுகள் அதில் தெரியும். ஆய்வுகூடத்தில் ஐதரசனின் சிவப்புக் கோடு 656.3 நனோமீற்றரில் இருக்கும். தொலைவில் உள்ள ஒரு மண்டலத்தில் அதே கோடு 669.4 நனோமீற்றரில் தெரிகிறது என்று வையுங்கள். நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டிருக்கிறது. இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம். ஒளியின் வேகம் செக்கனுக்கு 3,00,000 கிலோமீற்றர். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு 6,000 கிலோமீற்றர். அந்த மண்டலம் செக்கனுக்கு 6,000 கிலோமீற்றர் வேகத்தில் நம்மைவிட்டு விலகுகிறது.

வெஸ்ரோ சிலைபர் 1912 முதல் இத்தகைய வேகங்களை அளந்து வைத்திருந்தார். ஹபிள் அவற்றோடு தூரங்களைச் சேர்த்து 1929இல் ஒரு வரைபு வரைந்தார். இரண்டு மடங்கு தூரத்தில் உள்ளது இரண்டு மடங்கு வேகத்தில் விலகுகிறது என்று அது காட்டியது.

இதைக் கேட்டதும், அப்படியானால் பிரபஞ்சத்தின் நடுவில் நாம்தான் இருக்கிறோமா என்ற கேள்வி வரும். பாடசாலை மைதானத்தில் உடற்பயிற்சிக்கு வரிசையாக நிற்கும் பிள்ளைகளிடம், கை நீட்டி இடைவெளி விடுங்கள் என்று ஆசிரியர் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் இடையில் ஒரு கை நீளம் கூடுகிறது. எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், பக்கத்தில் நின்றவர் ஒரு கை நீளம் விலகினார், ஐந்தாவதாக நின்றவர் ஐந்து கை நீளம் விலகினார் என்றே சொல்லும். எல்லாப் பிள்ளைக்கும் தானே நடுவில் நிற்பதாகத் தோன்றும். வரிசைக்கோ நடு என்று ஒன்று தேவையில்லை. பிரபஞ்சத்தில் விரிவது இடைவெளிதான். விரிவின் தொடக்கமான பெருவெடிப்பு எங்கே நடந்தது என்று கேட்டால், எங்கும் நடந்தது, இந்த மண்டபம் இருக்கும் இடத்திலும் நடந்தது என்பதே விடை.

இப்போது வயதைக் கணக்கிடுவோம். இன்றைய அளவையில், ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் விலகும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர் கூடுகிறது. நாம் எடுத்த மண்டலத்தின் வேகம் 6,000. அதை 70ஆல் வகுத்து 32.6 இலட்சத்தால் பெருக்கினால், தூரம் ஏறத்தாழ 28 கோடி ஒளியாண்டு. இதே வேகத்தில் எப்போதும் விலகியிருந்தால், எல்லாம் ஒன்றாக இருந்தது எப்போது? ஒளியின் வேகமான 3,00,000ஐ 70ஆல் வகுத்து, 32.6 இலட்சத்தால் பெருக்குங்கள். 1397 கோடி ஆண்டு வரும். விரிவின் வேகம் இடையில் முதலில் குறைந்து பிறகு கூடியதையும் சேர்த்துச் செம்மையாகக் கணித்தால் 1380 கோடி. வீட்டுக்குப் போனதும் கடதாசியில் போட்டுப் பார்க்கலாம், கணிப்பொறிகூட வேண்டாம்.

ஹபிளின் காலத்தில் இந்தக் கணக்குப் பெரிய தொல்லையைத் தந்தது. தூரங்களை அவர் குறைவாக மதிப்பிட்டதால், 70க்குப் பதிலாக ஏறத்தாழ 500 என்று வந்தது. அப்படியானால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டே. பாறைகளை அளந்தவர்களோ பூமிக்கு அதைவிடக் கூடிய வயதைச் சொன்னார்கள். பிரபஞ்சத்தைவிடப் பூமி மூத்தது என்று கணக்கு வந்தால், யாரோ எங்கோ பிழை விட்டிருக்கிறார்கள். பிழை தூர அளவையில் இருந்தது. 1952இல் வால்ட்டர் பாடே தூரங்களை இரட்டிப்பாக்கி முதல் திருத்தத்தைச் செய்தார். அதற்குள் வேறு ஒரு கோட்பாடு பிறந்து வளர்ந்துவிட்டது.

ஹொயிலும் அவருடைய மாணவர்களும்

1948இல் கேம்பிரிட்ஜில் ஹேர்மன் பொண்டி, தொமஸ் கோல்ட், பிரெட் ஹொயில் ஆகிய மூவரும் நிலைபேற்றுக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். பிரபஞ்சம் விரிகிறது, ஆனால் இடைவெளியில் புதிய பொருள் தோன்றிக்கொண்டே இருப்பதால் தோற்றம் மாறுவதில்லை. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எதிர்த்தரப்புக் கருத்துக்கு 1949இல் பிபிசி வானொலிப் பேச்சில் பெருவெடிப்பு என்று பெயர் சூட்டியவரும் ஹொயில்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஹொயிலிடம் நம் பகுதியைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த ஜயந்த் நார்லிகர். மற்றவர் கொழும்பில் பிறந்து, றோயல் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் படித்த சந்திரா விக்ரமசிங்க. விண்மீன்களுக்கிடையே மிதக்கும் தூசில் காபன் இருக்கிறது என்று 1962இல் ஹொயிலோடு சேர்ந்து விக்ரமசிங்க எழுதினார். நார்லிகர் நிலைபேற்றுக் கோட்பாட்டுக்கே கணித உரம் ஊட்டினார்.

அக்காலத்தில் கொழும்பிலும் அறிவு வறட்சி இருக்கவில்லை. கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் படித்த சி. ஜே. எலியேசர் ஐம்பதுகளில் இங்கே கணிதப் பேராசிரியராக இருந்தார். அண்டக் கதிர்களை ஆராய்ந்த அ. வி. மயில்வாகனம் பௌதிகவியல் பேராசிரியராக இருந்தார். 1965இல் நடந்த கைத்தொழிற் கண்காட்சிக்காகக் கோள்மண்டலம் கட்டப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அது இன்றும் நிற்கிறது.

அதே 1965இல் நிலைபேற்றுக் கோட்பாட்டுக்குப் பெரிய அடி விழுந்தது. நியூ ஜேர்சியில் ஆர்னோ பென்சியாஸ், றொபேட் வில்சன் இருவரும் வானொலி அலைவாங்கி ஒன்றில் கேட்ட இரைச்சலை நீக்கப் பாடுபட்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் அது ஒரே அளவில் வந்தது. பிரபஞ்சம் இளமையில் கொதித்ததன் மிச்ச வெப்பம் அது. பிரபஞ்சத்துக்கு 3,80,000 ஆண்டு வயதானபோது வெப்பநிலை 3,000 கெல்வின் அளவுக்கு இறங்கியது. இலத்திரன்கள் கருக்களோடு சேர்ந்து அணுக்களாயின. அதுவரை சிதறிக்கொண்டிருந்த ஒளிக்கு வழி திறந்தது. அந்த ஒளி விரிவினால் 1,100 மடங்கு நீண்டு, இன்று 2.725 கெல்வின் வெப்பநிலையில் நுண்ணலையாக எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. தொடக்கமே இல்லாத பிரபஞ்சத்தில் இந்த வெப்பத்துக்கு இயல்பான விளக்கம் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு சான்று வந்தது. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் சுவரூப், உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் ஒரு வானொலித் தொலைகாட்டியை அமைத்தார். 1970இல் அது இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீற்றர், அகலம் 30 மீற்றர். உதகை இருப்பது வடக்கே 11 பாகையில். சுவரூப் தேடிப் பிடித்த மலைச்சரிவும் வடக்குத் தெற்காக 11 பாகை சரிந்திருந்தது. அந்தச் சரிவில் தொலைகாட்டியைக் கிடத்தியதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக அமைந்தது. ஆகவே ஒரே அச்சில் சுழற்றி ஒரு வானொலி மூலத்தைப் பல மணித்தியாலம் தொடர முடிந்தது. பெரிய செலவில்லாமல் மலையையே கருவியின் பாகமாக்கிய சாமர்த்தியம் அது.

அங்கே அவர்கள் சந்திரனைப் பயன்படுத்தினார்கள். தொலைவான வானொலி மூலம் ஒன்றைச் சந்திரன் மறைக்கும்போது, அலை எவ்வளவு விரைவில் அற்றுப்போகிறது என்பதை அளந்தால் அந்த மூலத்தின் பருமன் தெரியும். இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்து, சுவரூப்பும் விஜய் கபாகியும் 1975இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொலைவில் உள்ளவை, அதாவது பழங்காலத்தைச் சேர்ந்தவை, அருகில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. பிரபஞ்சம் மாறாமல் இருக்கவில்லை, வளர்ந்து வந்திருக்கிறது என்று உதகையின் மலைச்சரிவும் சாட்சி சொன்னது.

நார்லிகர் 1972இல் இந்தியா திரும்பிச் சேர்ந்தது சுவரூப் பணியாற்றிய அதே நிறுவனத்தில். ஒருவர் காத்த கோட்பாட்டுக்கு எதிரான சான்றை மற்றவர் சேகரித்தார். இருவரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தார்கள். பின்னர் சுவரூப் புனேக்கு அருகே மாபெரும் மீற்றரலைத் தொலைகாட்டியை அமைத்தார். நார்லிகர் புனேயிலேயே வானியல் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். தம் கருத்தை நார்லிகர் கடைசிவரை முற்றாகக் கைவிடவில்லை. எதிர்க்கருத்தை மதிக்கும் பண்பையும் கைவிடவில்லை. கருத்து மோதினால் கதிரையைத் தூக்கும் பழக்கமுள்ள நம் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குண்டூரில் கண்ட மஞ்சள் கோடு

பெருவெடிப்புக்கு மூன்றாவது பெரிய சான்று ஈலியம். அதன் கதையும் நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18ஆம் திகதி முழுச் சூரிய கிரகணம் ஆந்திரக் கரையைக் கடந்தது. குண்டூரில் பிரெஞ்சுக்காரரான ஜூல் ஜான்செனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நோர்மன் பொக்சனும் சூரியனின் விளிம்பை நிறமாலையில் பார்த்தார்கள். அங்கே ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் நோர்மன் லொக்கியர் அதைக் கிரகணம் இல்லாமலே பார்த்து, அது சோடியத்தின் கோடு அல்ல, பூமியில் அறியப்படாத ஒரு மூலகத்துடையது என்ற முடிவுக்கு வந்தார். 1871 டிசம்பர் 12ஆம் திகதிக் கிரகணத்துக்கு லொக்கியர் தாமே ஒரு குழுவோடு வந்தார். அவர் கேரளக் கரையின் பேக்கலில் நின்றார். குழுவின் பிரிவுகள் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் நின்றன. பூமியில் ஈலியம் 1895இல்தான் கிடைத்தது.

பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளில் திணிவின்படி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஈலியம். விண்மீன்கள் ஐதரசனை ஈலியமாக மாற்றுவது உண்மைதான். ஆனால் அவை மட்டும் இத்தனையை உண்டாக்கியிருக்க முடியாது. பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடங்களில், கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில், புரோத்தன்களும் நியூத்திரன்களும் சேர்ந்தால் எவ்வளவு ஈலியம் வரும் என்று கணக்கிட்டால், அதே நாலில் ஒரு பங்கு வருகிறது. 1964இல் இந்தக் கணக்கைப் போட்டு, ஈலியத்துக்கு வெப்பமான தொடக்கம் தேவை என்று சுட்டிக்காட்டியவர்களில் ஹொயிலும் ஒருவர். தம் கோட்பாட்டுக்கே பாதகமான கணக்கை மறைக்காமல் வெளியிட்டாரே, அந்த நேர்மைக்காக அவரை நாம் வணங்கலாம்.

ஹொயிலின் பெரிய சாதனை வேறிடத்தில் இருக்கிறது. காபன், ஒட்சிசன், இரும்பு முதலிய மூலகங்கள் விண்மீன்களுக்குள் உருவாகின்றன என்று 1957இல் வேறு மூவரோடு சேர்ந்து அவர் காட்டினார். நம் இரத்தத்தில் உள்ள இரும்பு, சூரியன் பிறக்கும் முன்பே இறந்துபோன விண்மீன்களில் உருவானது.

இன்னும் தெரியாதவை

1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த பத்தொன்பது வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்தில் போட்ட கணக்கில், வெண்குறளி என்னும் விண்மீன் ஒரு குறித்த திணிவுக்கு மேல் (இன்றைய கணிப்பில் சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு) நிலைக்க முடியாது என்று கண்டார். 1935இல் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அதை அறிஞர் அவையில் வைத்தே எள்ளினார். 1983இல் நோபல் பரிசு வந்தது. அந்த எல்லையை நெருங்கி வெடிக்கும் வெண்குறளிகள் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைத் தருவதால், வெகு தொலைவை அளக்க அவை உதவின. 1998இல் இரண்டு குழுக்கள் அப்படி அளந்து, பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டு போகிறது என்று கண்டன. காரணமாக உள்ள ஏதோ ஒன்றுக்கு இருள் சக்தி என்று பெயரிட்டிருக்கிறோம்.

அதற்கு முன்பே 1970இல், அந்திரொமேடாவின் சுழற்சியை வேரா றூபினும் கென்ற் போர்ட்டும் அளந்தபோது, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அந்த வேகத்துக்குப் போதாது என்ற ஐயம் வலுத்தது. அதன் விளக்கம் இருள் பொருள். இன்றைய கணிப்பில் பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருள் நூற்றுக்கு 5, இருள் பொருள் 27, இருள் சக்தி 68. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு என்னவென்றே தெரியாது. விரிவின் வேகத்தை அருகிலுள்ள மண்டலங்களை வைத்து அளந்தால் 73 என்றும், மிச்ச வெப்பத்தை வைத்துக் கணித்தால் 67 என்றும் வருகிறது. இரண்டும் பொருந்தாத காரணம் இன்னும் பிடிபடவில்லை. 2021 நத்தார் தினத்தில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி, பிரபஞ்சத்துக்கு 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தில் இருந்த மண்டலங்களைக் காட்டுகிறது. அவை எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருக்கின்றன. இருள் சக்தி காலத்தோடு மாறுகிறதோ என்ற ஐயமும் அண்மையில் எழுந்திருக்கிறது. உறுதியாகவில்லை. தம்பிமாரே, தங்கைமாரே, உங்களுக்கு வேலை மிச்சமிருக்கிறது.

பொலனறுவைக் கல்

சான்றைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டுச் சம்பவம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2012 டிசம்பர் இறுதியில் பொலனறுவைப் பகுதியில் தீப்பந்து விழுந்ததாகச் செய்தி வந்தது. அங்கே பொறுக்கிய கற்களில் நுண்பாசிகளின் சுவடுகள் உள்ளன, ஆகவே உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்று விக்ரமசிங்கவும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். உலகப் பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. பிற ஆய்வாளர்கள் முதலில் கேட்டது, அந்தக் கற்கள் விண்கற்கள்தாம் என்பதற்கு என்ன சான்று என்று. நன்னீர்ப் பாசி எந்தக் குளக்கரைக் கல்லிலும் இருக்குமே என்றும் கேட்டார்கள். திருப்தியான விடை வரவில்லை. பெரும்பாலான விஞ்ஞானிகள் அந்த முடிவை ஏற்கவில்லை.

தூசில் காபன் உண்டு என்று விக்ரமசிங்க சொன்னபோது உலகம் ஏற்றது, சான்று இருந்தது. அவரே இதைச் சொன்னபோது ஏற்கவில்லை, சான்று போதவில்லை. ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. நம் நாட்டவர் என்பதற்காக நாமும் சொல்லக் கூடாது.

செய்ய வேண்டியவை

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மருத்துவமும் பொறியியலும் நல்ல படிப்புகள்தாம். ஆனால் பௌதிகவியல் படிக்கிறேன் என்று பிள்ளை கேட்டால், அதற்கு என்ன தொழில் கிடைக்கும் என்று முதல் நாளே வாயை அடைக்காதீர்கள்.

மாணவருக்கு. ஸ்லோன் வான்கணக்கெடுப்புப் போன்ற பெரிய ஆய்வுகளின் நிறமாலைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இருபது விண்மீன் மண்டலங்களின் ஐதரசன் கோட்டை எடுத்து, நான் சொன்ன கணக்கில் வேகத்தைக் கண்டு, வேறு வழியில் அளந்த தூரத்தோடு வரைபுதாளில் புள்ளியிடுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வகுப்பறையில் இருந்தபடி பிரபஞ்சத்தின் விரிவை நீங்களே பார்க்கலாம். கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் ஜப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. உங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகம் கடிதம் எழுதிக் கேட்கட்டும்.

சங்கங்களுக்கும் சபைகளுக்கும் கடைசி வேண்டுகோள். ஆண்டுக்கு எத்தனையோ பட்டிமன்றமும் கவியரங்கும் நடத்துகிறோம். தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூலின் முன்னே தடுமாறி நிற்கும்போது, கைப்பிடித்து ஏற்றிவிட அண்டவியலில் நல்ல தமிழ் நூல்கள் மிகக் குறைவு. ஆண்டுக்கு ஒரு விஞ்ஞான நூலாவது, துறை தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்து, இன்னொருவரைக் கொண்டு சரிபார்த்து, மாணவர் வாங்கக்கூடிய விலையில் பதிப்பியுங்கள். முதல் நூலுக்கு எழுத்துவேலை தேவையென்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.